மூன்று லட்ச ரூபாய்ச் சான்றிதழ்

(புதுக்கோட்டை மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றில், வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிமார்களே, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள், இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு வரும்.

‘படித்தால் முன்னேறலாம்’ என்று நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் வாசகர் வட்டத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். அதை இந்த ஊருக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் “தம்பி என்ன பண்றான்?” என்றால், “ஸ்கில் முடிச்சிட்டான், ஐபிஏ வரணும்” என்றுதான் பதில் வருகிறது; சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு முடிந்தது, ஐபிஏ என்கிற முன் அனுமதிக் கடிதம் வர வேண்டும் என்று அர்த்தம். அதனால் தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். கட்டட வேலைக்கு ஒரு சான்றிதழ் வாங்க நகையை அடகு வைக்கிறோம், நிலத்தை ஒத்திக்கு விடுகிறோம். போட்ட பணம் எப்போது திரும்பி வருகிறது? வருகிற லாபம் யார் கைக்குப் போகிறது? அவ்வளவுதான் என் பேச்சு.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் இந்தியர் ஆனாலும், பங்களாதேஷியர் ஆனாலும், இலங்கையர் ஆனாலும், பிசிஏ என்கிற அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுவது, கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, பூச்சு, வயரிங், பைப் வேலை, வெல்டிங் என்று தொழிலுக்குத் தொழில் தேர்வு தனி. எழுத்து ஒரு பகுதி, செய்முறை ஒரு பகுதி. பயிற்சிக்கும் தேர்வுக்கும் நம் மாநிலத்திலேயே மையங்கள் இருக்கின்றன. தேறிப் போகிறவர் அங்கே அடிப்படைத் திறனாளி, அதாவது ஆர் 2. அதற்கு மேல் உயர்திறனாளி என்று ஒரு படி இருக்கிறது, ஆர் 1. அந்த மேல்படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்றைய பேச்சில் முக்கியமான இடமே அதுதான்.

இப்போது லெவி. போய்விட்டு வந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும், அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்கிற கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அங்குள்ள அரசாங்கத்துக்குக் கட்டுகிற தீர்வை அது. 2024 ஜனவரியிலிருந்து, கட்டட வேலைத்தளத்தில் இருக்கிற ஆர் 2 ஆளுக்கு மாதம் 900 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆர் 1 ஆளுக்கு 500 வெள்ளி. இதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். புதிதாகப் போகிற பையனின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18, 20, மிஞ்சினால் 25 வெள்ளி. 20 வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 26 நாளுக்கு 520 வெள்ளி. அவன் வாங்குகிற அடிப்படைச் சம்பளத்தைவிட, அவனுக்காகக் கட்டப்படுகிற லெவி 380 வெள்ளி கூடுதல்.

இதைச் சொல்லிச் சிங்கப்பூர் அரசாங்கத்தைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. அந்த நாடு தன் கணக்கைத் தெளிவாகப் போட்டு வைத்திருக்கிறது. நாம்தான் நம் கணக்கைப் போடுவதில்லை.

போடுவோம். பயிற்சிக் காசு, தேர்வுக் காசு, ஏஜெண்ட் காசு, மெடிக்கல், டிக்கெட் எல்லாம் சேர்த்து ஊரில் பேசுகிற தொகை ஆளுக்கு ஆள் மாறும். நம் கணக்குக்கு மூன்று லட்சம் என்று வைப்போம். இதைவிடக் குறைத்துக் கொடுத்தவர் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள், நாலு பேருக்குப் பிரயோஜனப்படும். அந்த மூன்று லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கியது, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதம் 6,000 வட்டி. பயிற்சிக்கு மூன்று மாதம், தேர்வு முடித்துவிட்டு ஐபிஏவுக்குக் காத்திருப்பது மூன்று மாதம் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்பே வட்டி 36,000. போய் இறங்குகிற அன்று கடன் 3 லட்சத்து 36 ஆயிரம்.

அங்கே வரவு என்ன? அடிப்படை 520 வெள்ளி என்றோம். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம். இந்தச் சம்பளத்துக்கு அது மணிக்கு நாலு வெள்ளிக்குச் சற்று மேலே வருகிறது. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு. அது முழுசாகக் கிடைத்தால் 295 வெள்ளி. ஆகக்கூடி 815. கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு, சீப்பு, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா போய் வருவது எல்லாவற்றுக்கும் 215 வெள்ளி எடுத்து வைத்தால், வீட்டுக்கு 600 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 39,000 ரூபாய்.

இதே பையன் இங்கே கொத்தனாராக இருந்தால்? நாளுக்கு 900 ரூபாய், மாதம் 22 நாள் வேலை, 19,800. அவன் கைச்செலவு போக வீட்டுக்கு 15,000 வரும் என்று வைப்போம். சிங்கப்பூர் காசிலும் வீட்டுச் செலவுக்கு அதே 15,000 எடுத்துவிட்டால், மிச்சம் 24,000 கடனுக்குப் போகும். அப்படிக் கட்டினால் கடன் தீரப் பதினேழு மாதம்.

கடன் தீர்ந்த அன்று வீட்டில் பாயாசம் வைக்கிறார்கள். வையுங்கள். ஆனால் அன்றைக்குக் கணக்கு நேராகவில்லை. பயிற்சியிலும் காத்திருப்பிலும் போன ஆறு மாதம் அவன் இங்கே சம்பாதித்திருக்கக் கூடிய 90,000 ரூபாய் இருக்கிறதே, அதை யாரும் எழுதுவதில்லை. அதையும் ஈடுகட்ட இன்னும் நாலு மாதம். ஆக, போய் இருபத்தொன்றாவது மாதத்தில்தான் அவன் ‘இங்கேயே இருந்திருந்தால்’ என்கிற நிலைக்கு வந்து நிற்கிறான். ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் இரண்டு வருஷம். முதல் பெர்மிட்டில் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது மூன்று மாதத்துப் பணம், எழுபதாயிரத்துச் சொச்சம். மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. வங்கியில் நகையை வைத்துக் குறைந்த வட்டிக்கு எடுத்தவர் மட்டும் மூன்று மாதம் முந்திக்கொள்கிறார்.

இதில் ஒரு ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். ஓவர்டைமை எடுத்துவிடுங்கள். 520 வெள்ளியில் செலவு 215 போனால் மிச்சம் 305, ரூபாயில் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குப் பதினையாயிரம் போனால் கையில் ஐயாயிரம் கூட நிற்காது. அன்றைய கடனுக்கு வட்டியே மாதம் 6,720. அதாவது ஓவர்டைம் இல்லாத மாதத்தில் அவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டே கடனை வளர்க்கிறான். சான்றிதழ் உங்களை உள்ளே விடும். கடனை அடைப்பது ஓவர்டைம். ஏஜெண்டிடம் போகிறவர்கள் “பேசிக் எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். “அந்தக் கம்பெனியில் வேலை ஓடுகிறதா, ஓவர்டைம் எத்தனை மணி நேரம் வருகிறது?” என்று, இப்போது அதே கம்பெனியில் இருக்கிற ஒரு ஆளிடம் போன் போட்டுக் கேட்கிறவர் குறைவு.

இன்னொரு ஆணி. எட்டாவது மாதத்தில் கம்பெனி வேலையில்லை என்று திருப்பி அனுப்பினால்? மாதாமாதம் தவறாமல் 24,000 கட்டி வந்திருந்தாலும், ஊர் திரும்பும்போது 1 லட்சத்து 88 ஆயிரம் கடன் நிற்கும். இப்படித் திரும்பி வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஏன் இத்தனை லட்சம்? நம் நாட்டில் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக் கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. சிங்கப்பூரிலும் அங்குள்ள ஏஜென்சி, வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு நாட்டிலும் வரம்பு இருக்கிறது. மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது?

‘பயிற்சி’ என்கிற தலைப்பில் வந்தது. வேலை வாங்கித் தருகிற கட்டணத்துக்குத்தான் வரம்பு, சொல்லிக் கொடுப்பதற்கு வரம்பு கிடையாது. தேர்வு எழுத இடம் கேட்பவர்கள் இருக்கிற இடத்தைவிட அதிகம். ஆகவே நீங்கள் கட்டுகிற பணத்தில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததற்கான கூலி ஒரு பங்கு, வரிசையில் இடம் பிடித்ததற்கான விலை பல பங்கு. பத்து வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்தவரும், கல்லூரியை முடித்துவிட்டுச் சுத்தியலையே தொடாத பையனும் ஒரே தொகை கட்டுகிறார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா?

அரபு நாடுகளுக்கும் வேறு சில நாடுகளுக்கும் போகிறவர்களுக்கு ‘குடிபெயர்வு அனுமதி’ என்று ஒரு தடுப்பு உண்டு. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டோடு சவூதி, குவைத், மலேசியா என்று பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போனால், அரசாங்கம் ஒரு முறை ஒப்பந்தத்தைப் பார்க்கும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அங்கே சட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று நம் அரசாங்கம் நினைத்திருக்கலாம். நியாயம்தான். ஆனால் பணம் பறிபோவது அங்கே இல்லை, விமானம் ஏறுவதற்கு முன்னால், நம் மாவட்டத்திலேயே.

சரி, இவ்வளவு சொல்கிறாயே, போக வேண்டாம் என்கிறாயா என்று ஒரு அண்ணன் முகத்தைச் சுளிக்கிறார். அப்படிச் சொல்லவில்லை அண்ணே. இந்த ஊரின் மாடி வீடுகள் எந்தக் காசில் எழும்பின என்று எனக்கும் தெரியும். இரண்டாவது பெர்மிட்டிலிருந்து ஆட்டமே வேறு. சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கிறது, கம்பெனி மாறினாலும் கூடவே வரும். பெர்மிட் முடிவதற்கு முன்னால் 40 நாளிலிருந்து 21 நாள் வரைக்கும் உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமானக் கம்பெனிக்கு மாறலாம் என்று அங்கே விதி இருக்கிறது. அந்த மூன்று வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பலர் அதைத் தூங்கிக் கழித்துவிட்டு, ஊருக்கு வந்து மறுபடி முதலிலிருந்து காசு கட்டுகிறார்கள்.

இப்போது ஆர் 1. சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் நாலு வருஷம் அனுபவம் இருந்து, இரண்டாவது ஒரு தொழிலிலும் திறன் தேர்வு தேறினால் ஒரு வழி. மல்டி ஸ்கில் என்பார்கள். கோர்டிரேட் என்று இன்னொரு வழி, அதற்கும் நாலு வருஷம். ஆறு வருஷ அனுபவமும் மாதம் 1,600 வெள்ளி நிலையான சம்பளமும் இருந்தால் மற்றொரு வழி. எந்த வழியில் ஏறினாலும், ஏறிய பிறகு உங்கள் முதலாளிக்கு லெவி 900லிருந்து 500ஆக இறங்குகிறது. மாதம் 400 வெள்ளி, வருஷத்துக்கு 4,800 வெள்ளி அவருக்கு மிச்சம். போதாததற்கு, ஒவ்வொரு கட்டுமானக் கம்பெனியும் தன் ஒர்க் பெர்மிட் ஆட்களில் பத்தில் ஒருவரையாவது ஆர் 1ஆக வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு உங்கள் சான்றிதழ் தேவை.

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். முதல் சான்றிதழுக்கு நீங்கள் மூன்று லட்சம் கட்டுகிறீர்கள், அதைக் காட்டிப் பேரம் பேச உங்களிடம் எதுவும் இல்லை. வாசலில் நிற்கிற எல்லோர் கையிலும் அதே தாள் இருக்கிறது. இரண்டாவது சான்றிதழுக்கு அதைவிட மிகக் குறைவாகவே செலவாகும், பல இடங்களில் கம்பெனியே கட்டும், அதன் பலனோ மாதம் 400 வெள்ளி என்று அரசாங்கமே விலை போட்டு வைத்திருக்கிறது. அந்த நானூறில் உங்களுக்கு என்ன பங்கு என்று வாயைத் திறந்து கேட்கிறவர் எத்தனை பேர்? “சார், எனக்கு ஆர் 1 வந்துவிட்டது, நாளுக்கு ஆறு வெள்ளி கூட்டிப் போடுங்கள்” என்றால் மாதம் 156 வெள்ளி, நம் காசில் பத்தாயிரம். அவருக்கு அப்போதும் 244 வெள்ளி லாபம். லெவி விவரம் தெரியாமல் போய் நின்றால், இரண்டு வெள்ளி கூட்டியதற்கே கும்பிட்டுவிட்டு வருவீர்கள். ஒரு எச்சரிக்கை. கம்பெனி பரீட்சைக் காசு கட்டும்போது இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டால், எத்தனை வருஷம், சம்பளம் எவ்வளவு என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

2025 ஜூலையிலிருந்து இன்னொன்றும் மாறியிருக்கிறது. முன்பு ஆர் 2 ஆள் இத்தனை வருஷத்துக்கு மேல் அங்கே வேலை செய்யக் கூடாது என்று வரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், வயது வரம்பும் 63ஆக உயர்ந்திருக்கிறது. ஆகவே ஆர் 1க்காக நாலு வருஷம் பொறுப்பது முன்பைவிட லாபம். இருபத்தைந்து வயதில் போகிறவன் முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகுட்டியைப் பிரிந்திருக்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. வீடு வழிவிடுமா என்பதை வீட்டில்தான் கேட்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டிப்போக ஒர்க் பெர்மிட்டில் வழியில்லை.

பொறியியல் முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பி.இ. சிவிலோ டிப்ளமோவோ படித்துவிட்டு ஸ்கில் டெஸ்ட் எழுதி ஆர் 2ஆகப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. எஸ் பாஸ் என்கிற இடைநிலைத் திறனாளர் அனுமதி வேறு வாசல். 2025 செப்டம்பரிலிருந்து அதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. தளத்தில் கம்பி கட்டுகிறவரைப் படிப்பைப் பார்த்துக் கம்பெனி அங்கே தானாகத் தூக்கி விடும் என்று ஏஜெண்ட் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்.

வெளியே போக முடியாதவர்கள், விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே கேள்விதான்: இந்தத் தாளை யார் கேட்கிறார்கள்? கொத்தனார் வேலைக்குச் சான்றிதழ் வைத்திருந்தால் நம்மூர் மேஸ்திரி ஐம்பது ரூபாய் கூட்டித் தருவாரா? தர மாட்டார், செவுத்தைப் பார்ப்பார். அதனால் உள்ளூரில் பூச்சு வேலைக்குச் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைத்தால் போங்கள், எல் அண்டு டி போன்ற நிறுவனங்கள் காசு வாங்காமலே கற்றுக்கொடுக்கின்றன. பெரிய கம்பெனித் தளத்தில் நுழைய அது உதவும்.

மின்சாரம் அப்படியில்லை. அங்கே தாளைக் கேட்பது சட்டம். வயரிங்கில் ஐந்து வருஷம் கைப்பழக்கம் உள்ள, இருபத்தொரு வயது முடிந்த யாரும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், கட்டணம் ஒரு நாள் கூலியைத் தாண்டாது. சம்பளம் உடனே ஏறாது என்பது வாஸ்தவம். ஆனால் உரிமம் பெற்ற காண்ட்ராக்டரிடம் சேரவும், பின்னால் அந்த வழியில் மேலே போகவும் அதுதான் முதல் படி. அரசு ஐடிஐயில் வயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும், பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். இதற்கு ஆள் பிடிக்க அரசாங்கம் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, நாமோ வட்டிக்கு வாங்கி வேறு வரிசையில் நிற்கிறோம். ஐடிஐ முடித்துவிட்டுக் கையில் தொழிலோடு இருபத்தொரு வயதில் சிங்கப்பூர் போகிற பையனுக்கு ஸ்கில் பரீட்சையும் எளிது, கம்பெனியில் மதிப்பும் கூட. அவசரம் இல்லாத வீடுகள் இந்த வரிசைமுறையில் யோசிக்கலாம்.

போவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஐபிஏ கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் மூன்றும் எழுதியிருக்கும். முதலாளி அதைத் தொழிலாளியின் தாய்மொழியில் கிளம்புவதற்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கிற சம்பளத்தை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது, ஆகவே அங்கே போய் இறங்கியதும் நீட்டுகிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை தருவதற்கு முதலாளியே காசு வாங்குவது அங்கே குற்றம். கொடுக்கிற பணத்தை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று நம் அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க இந்த நூலகத்துக் கணினியே போதும்.

ஐபிஏ கையில் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வாருங்கள். கடன் எவ்வளவு, என்ன வட்டி என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்த்தே பார்த்துவிடுவோம். நூலகர் எட்டு மணி வரை திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.